துணிக்கள்ளியின் தையல் வகுப்பு

கருங்கல் ஊரில் என் தையல் வகுப்பைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். துணியை வீணாக்காமல், ஒவ்வொரு உடம்புக்கும் தனியாக அளவெடுத்து, வருஷக்கணக்கில் உடுக்கிற மாதிரி தைக்க இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது? பூமியைப் பற்றியும் குப்பையைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்வேன். அவர்கள் எழுதிக்கொண்டு போவார்கள். அதில் பாதிகூட உண்மையில்லை. ஒருத்தியின் கடையை மூட வைக்க வேண்டும் என்றுதான் நான் இதைத் தொடங்கினேன்.

மார்த்தாண்டத்தில் மணப்பெண்களுக்கான உடுப்புக் கடை அது. முன்பக்கம் ஏசி, ஆள் உயரத்துக்கு நிலைக்கண்ணாடி. பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே நாங்கள் ஏழு பேர். கடைக்காரியை மேடம் என்று கூப்பிடுவோம். அவர் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முன்னால் நின்று பேசுவார். அளவை எழுதி உள்ளே அனுப்புவார். வெட்டுவது நான். ஒன்பது வருஷம் அந்தக் கடையிலிருந்து போன கவுனும் ஜாக்கெட்டும் லெஹங்காவும் என் கத்தரியில் வெட்டுப்பட்டவை. மேடத்துக்கு வெட்டத் தெரியாது. அப்போது அதை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை. பேசத் தெரிந்தவர் பேசுகிறார், வெட்டத் தெரிந்தவள் வெட்டுகிறாள், அவ்வளவுதான்.

வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளைச் சாக்கில் அடைத்து, வாரம் ஒருமுறை கடைக்குப் பின்னால் போட்டுக் கொளுத்துவார்கள். சாட்டின் துணி எரிந்தால் தார் மாதிரி உருகும். அந்தப் புகையில் எங்களுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். ஒருநாள் மேடத்திடம் கேட்டேன், நல்ல துண்டுகளை எடுத்துக்கொள்ளட்டுமா என்று. "கொளுத்தத்தானே போறோம், எடுத்துட்டுப் போயேன்" என்றார். அன்றிலிருந்து எடுத்துப் போனேன். ஒளித்து ஒன்றும் இல்லை, எல்லோர் முன்னாலும்தான்.

என் தங்கச்சியின் குழந்தைக்கு ஞானஸ்நானம் வந்தது. தந்த நிற சாட்டின் துண்டுகளும் கொஞ்சம் லேசும் சேர்த்து, பதினேழு துண்டில் ஒரு கவுன் தைத்தேன். ஒட்டு தெரியாது. கோவிலில் எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். அப்படித் தொட்டுப் பார்த்தவர்களில் ஒரு அம்மா, தன் மகளின் கல்யாண கவுனில் இருந்த லேசை அடையாளம் கண்டுகொண்டார். மறுநாளே கடைக்கு வந்துவிட்டார். "எனக்க மோளுக்க துணிய வேற ஆளுக்குக் குடுக்கியளா?" என்று முன்பக்கத்தில் நின்று சத்தம் போட்டார். அப்போது கடையில் இரண்டு கல்யாண வீட்டார் இருந்தார்கள்.

மேடம் என்னை வெளியே கூப்பிட்டார். "நான் எடுத்துக்கச் சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் என் முகத்தை நேராகப் பார்த்து, "ஒன்பது வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். பிறகு, எங்களோடு உள்ளே கொக்கி வைத்துத் தைக்கும் அக்காவிடம் என் பையை எடுத்து வந்து மேசையில் கொட்டச் சொன்னார். அந்த அக்கா கொட்டினார். சோற்றுப் பாத்திரம், குடை, வீட்டுச் சாவி, ஒரு கைப்பிடி லேஸ்.

"துணிக்கள்ளி" என்றார் அந்த அம்மா.

நான் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று இன்றைக்கு வரைக்கும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த நிமிஷத்துக்குப் பிறகு மேடத்தை அவர் என்று எழுத எனக்குக் கை வராது. அவள் என்றே எழுதுகிறேன்.

வெளியேறும்போது என் காகிதங்களைக் கேட்டேன். துணிமேல் வைத்து வெட்டுவதற்காக, தவிட்டு நிறத் தாளில் ஒன்பது வருஷமாக நான் வெட்டி வைத்த அளவுக் காகிதங்கள் அவை. ஒரு தோள் இறங்கினவள், முதுகு வளைந்தவள், மார்பு பெருத்தவள், எலும்பாக மெலிந்தவள் என்று எத்தனை வகை உடம்பு உண்டோ அத்தனைக்கும் தனித்தனியாக வெட்டியவை. "கடைப் பேப்பர்ல வெட்டினது கடைக்குத்தான்" என்றாள். என்னைக் கள்ளி ஆக்கினவள், என் ஒன்பது வருஷத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுகிறவர், சாதுவான மனிதர். "சவத்த விடுட்டீ, வேற கடையா இல்ல?" என்றார். வேறு கடை இல்லை. நான் போகும் கடைக்கெல்லாம் அந்தப் பெயர் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. பக்கத்து வீட்டில்கூடப் பாவாடைக்கு நாடா கோர்க்க என்னிடம் கொடுக்கவில்லை. எட்டு மாதம் தையல் மெஷினுக்கு மேல் போட்ட சேலையை நான் எடுக்கவே இல்லை.

அப்போதுதான் சிதறால் ஊரிலிருந்து ஒரு பெண், தையல் பழக வேண்டும் என்று என்னைத் தேடி வந்தாள். வயது இருபது இருக்கும். அதே கடையில் வேலை கேட்டுப் போய், பத்து நாளில் துரத்தப்பட்டவள். ஏன் துரத்தினார்கள் என்று கேட்டேன்.

"ஜாக்கெட்டுக்கு உள்ள ஏன் துணி விடாம வெட்டுகீங்கன்னு கேட்டேன் அக்கா. வாய் கூடுதல்னு சொல்லிட்டாவ."

அவள் கேட்டது சரியான கேள்வி. ஜாக்கெட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ளே இரண்டு விரல் அகலம் துணி விட்டுத் தைத்தால், உடம்பு பெருக்கும்போது பிரித்து விடலாம். கடைக்காரி விடக்கூடாது என்பாள். "ஒரு பிள்ளை பெத்தா போடமுடியாமப் போகட்டும். புதுசு தைக்க நம்மகிட்டதானே வருவாங்க." நானும் அவள் சொன்னபடி ஒட்ட வெட்டிக் கொடுத்திருக்கிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்க ஒன்றுமில்லை.

சிதறால்காரியைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. அந்தக் கடை வேண்டாம் என்று தள்ளிய பிள்ளைகளையே தேடிப் பிடித்து, அந்தக் கடையால் செய்ய முடியாத தையலைப் படிப்பித்து, அவளுடைய மணப்பெண்களை ஒவ்வொருத்தியாக இழுக்க வேண்டும். மறுநாள் காலையில் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன்.

ஆறு பேர் சேர்ந்தார்கள். முதல் மூன்று மாதம் ஒருத்திக்கும் புதுத்துணி கொடுக்கவில்லை. அந்தக் கடையில் தைத்து, இப்போது போட முடியாமல் பெட்டியில் கிடக்கும் உடுப்புகளைச் சொந்தக்காரர்களிடம் கேட்டு வாங்கி வரச் சொன்னேன். அதைப் பிரிப்பதுதான் பாடம். ஒவ்வொன்றையும் பிரிக்கும்போது அவள் வயிற்றைக் கிழித்துப் பார்ப்பதுபோல எனக்கு ஒரு திருப்தி. "பாருங்க மக்கா, லைனிங் துணிய நனைக்காமத் தச்சிருக்கா. ஒரு தடவ அலசினா சுருங்கும்." "இந்தக் கைக்குழிய பாருங்க, ஒட்ட வெட்டி, மேல பிசின் வச்சு அமுக்கியிருக்கா." பாதி என் கை வெட்டியது என்று சொல்லவில்லை.

பிரிக்கத் தெரிந்தவளுக்குத்தான் கத்தரி. அதற்குப் பிறகு அளவு. டேப்பைப் பிடிக்குமுன் ஆளை நடக்கச் சொல்ல வேண்டும், உட்காரச் சொல்ல வேண்டும், கையைத் தூக்கச் சொல்ல வேண்டும். மீன் கூடை சுமக்கிறவளுக்குக் கழுத்து ஒரு மாதிரி இருக்கும், பீடி சுற்றுகிறவளுக்கு முதுகு ஒரு மாதிரி இருக்கும். ஒவ்வொருத்திக்கும் தனிக் காகிதம் வெட்ட வேண்டும். அந்தக் காகிதத்தை அவளிடமே கொடுத்துவிட வேண்டும். எந்த அலமாரியிலும் பூட்டக்கூடாது.

துணியில் காகிதங்களை இடம் வீணாகாமல் நெருக்கிப் போடுவதுதான் கஷ்டமான பாடம். ஜாக்கெட் வெட்டி முடித்தபின் மிஞ்சும் துணி என் ஒரு கைப்பிடிக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அன்றைக்கு அவள் தைக்கக்கூடாது. ஒரு பிள்ளை இதற்காக அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். நான் இரங்கவில்லை. அந்தக் கைப்பிடித் துணியையும் ஒரு சின்னப் பையில் போட்டு, உடுப்போடு சேர்த்துச் சொந்தக்காரியிடம் திருப்பிக் கொடுத்தோம். இனி ஒருத்தியும் எங்களைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லிவிடக்கூடாது. குப்பையைக் குறைக்கிறோம் என்று வெளியூர்க்காரர்கள் புகழ்கிற காரியம் இதுதான். எனக்கு அது வைராக்கியம் மட்டும்தான்.

முதலில் துணிந்து வந்தவர் தேங்காப்பட்டணத்து முஸ்லிம் அக்கா ஒருவர், இத்தா என்று கூப்பிடுவோம். தன் கல்யாணத்துக்கு அந்தக் கடையில் தைத்த உடுப்பை, தங்கையின் கல்யாணத்துக்குப் போட ஆசைப்பட்டார். இரண்டு பிள்ளைகள் பெற்ற உடம்பு. உள்ளே விட்ட துணி ஒரு நூலளவுகூட இல்லை. துப்பட்டாவின் ஓரத்தை வெட்டி, இரண்டு பக்கமும் இலை மாதிரி துண்டு கொடுத்து, அதன்மேல் பழைய ஜரிகையைத் திருப்பித் தைத்தோம். போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன் வெகுநேரம் நின்றார். "முந்தி இருந்ததைவிட இதாக்கும் எனக்குச் சேருது" என்றார். அந்தக் கல்யாண வீட்டில் அவர் சொன்னது குளச்சல் வரைக்கும் போனது. அடுத்த கல்யாண சீசனில் அவள் கடைக்குப் போக வேண்டிய பதினோரு மணப்பெண்கள் எங்களிடம் வந்தார்கள். நான் எண்ணினேன். ஒவ்வொருத்தியும் வாசல் படி ஏறும்போது மனதுக்குள் எண்ணினேன்.

அதோடு நிற்கவில்லை. அவள் கடையின் நல்ல தையல்காரிகள் இரண்டு பேருக்கு ஆள்விட்டுச் சொல்லி, இங்கே வரவைத்தேன். சரியாகக் கல்யாண மாதத்தில். அவள் கடையில் உடுப்புகள் தாமதமாயின. ஒரு மணப்பெண் கவுன் முடியாமல் அழுத கதை பஸ்ஸில் என் காதுக்கு வந்தது. அந்தப் பெண்ணுக்காக வருத்தப்பட வேண்டும் என்று தெரிந்தது. வருத்தம் வரவில்லை.

அப்புறம்தான் நாகர்கோவில் கூட்டம். ஒரு தொண்டு நிறுவனம் தையல் பழகும் பெண்களுக்காக ஒருநாள் கண்காட்சி வைத்தது. எங்களுக்கும் ஒரு மேசை கொடுத்தார்கள். அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர் பெயரைப் பார்த்தேன். அவள். பேசும் பொருள், வீணாக்காத தையல்.

போனதும் அவள் மேசையைப் பார்த்தேன். என் காகிதங்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் அழகாக மாட்டி வைத்திருந்தாள். "இருபது வருஷமா நானே கையால உருவாக்கினது" என்று மைக்கில் சொன்னாள். துணி நம் தாய் என்றாள். எங்கள் கடையில் ஒரு துண்டுகூட எரிப்பதில்லை என்றாள். கைதட்டினார்கள்.

நான் ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். என் பையில் பூப்போட்ட துணி ஒன்று இருந்தது, ஒரு பக்கம் மட்டும் பூ தெரிகிற துணி. ஜாக்கெட்டுக்குக் கொஞ்சம் குறைவான நீளம். துணி தாராளமாக இருந்தால் இரண்டாக மடித்து வெட்டலாம், இடதும் வலதும் தானாக வந்துவிடும். குறைவாக இருந்தால் ஒற்றையாக விரித்து, காகிதத்தை ஒருமுறை நேராகவும் ஒருமுறை புரட்டியும் வைத்து வெட்ட வேண்டும். கை பழகியவளுக்கு இது யோசிக்கவே தேவையில்லாத காரியம். பழகாதவளுக்கு இதுதான் குழி.

கேள்வி கேட்கலாம் என்றபோது எழுந்தேன். என்னைக் கண்டதும் அவள் சிரிப்பு ஒரு நொடி நின்றது.

"மேடம், பிள்ளைகளுக்கெல்லாம் ஆசையா இருக்கு. இந்தத் துணியில ஒரு ஜாக்கெட் வெட்டிக் காட்டணும்."

"டைம் இல்லையேம்மா. கண்ணாடி வேற எடுத்துட்டு வரல."

"எனக்க கண்ணாடிய போடுங்க மேடம்."

சபையில் சிரிப்பு எழுந்தது. நடத்துகிறவர்களும் விஷயம் தெரியாமல், "ஆமா மேடம், பத்து நிமிஷம்தான்" என்றார்கள். அவளால் மறுக்க முடியவில்லை. என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் கத்தரியைக் கையில் எடுத்தாள். மடித்துப் பார்த்தாள், துணி போதவில்லை. விரித்தாள். கைக்கான காகிதத்தை வைத்துக் கோடு போட்டு வெட்டினாள். அதே காகிதத்தை அப்படியே கீழே நகர்த்தி வைத்து இன்னொன்று வெட்டினாள்.

நான் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. முன்வரிசையில் இருந்த சிதறால்காரி எழுந்து, "மேடம், ரெண்டும் எடது கையாக்கும்" என்றாள்.

சபையில் இருந்ததெல்லாம் தையல் பழகும் பெண்கள். எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அது அடங்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு மேசைக்குப் போய், சட்டத்தில் இருந்த நாலாவது காகிதத்தைக் காட்டி, "இதக் கழத்திப் பின்பக்கம் பாருங்க, ஒரு கோழி இருக்கும். எனக்க மோளு நாலு வயசுல, வெட்டு மேசைக்கடியில இருந்து வரஞ்சது" என்றேன்.

நடத்துகிறவர் ஒருவர் கழற்றினார். கோழி இருந்தது. மூன்று காலோடு, பக்கத்தில் என் மகளின் பெயர் தலைகீழாக.

"இத வெட்டினது நான். துண்டுகள எடுத்துட்டுப் போன்னு வாயால சொல்லிட்டு, ஆள்கூட்டத்துல வச்சு என்னைக் கள்ளி ஆக்கினது இவங்க."

மைக் இல்லாமல்தான் சொன்னேன். எல்லோருக்கும் கேட்டது. அவள் என் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். பின்வாசல் வழியாகப் போனாள்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குப் பாட வேண்டும் போல இருந்தது. நடத்துகிறவர்கள் கழற்றிக் கொடுத்த காகிதங்கள் என் மடியில் இருந்தன. மறுநாளும் அதே சந்தோஷம். ஒரு வாரம் கழித்தும் அவள் பின்வாசலைத் தேடிப் போனதை நினைத்தால் எனக்குச் சோறு கூடுதலாக இறங்கியது. இன்னொரு தடவை அதைப் பார்க்க முடியாதே என்பதுதான் குறை.

அவள் கடை அடுத்த வருஷம் மூடியது. என்னால் மட்டும் என்று சொல்ல முடியாது, ஃபோனில் பார்த்துக் கவுன் வரவழைக்கிற காலம் இது. ஆனாலும் என்னால்தான் என்று வைத்துக்கொண்டேன்.

கடை மூடிய பின் ஒரு காலையில், கொக்கி வைக்கும் அக்கா என் வாசலில் வந்து நின்றார். என் பையை மேசையில் கொட்டிய அதே ஆள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "வேற வழி இல்ல பிள்ளே. வேலை உண்டா?" என்றார்.

உண்டு என்றேன். மூலையில் உட்கார வைத்து, பிரிக்க வேண்டிய உடுப்புகளை முன்னால் குவித்தேன். முப்பது வருஷம் தையல் வேலை பார்த்தவருக்கு முதல் நாள் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வேலை. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம். மெஷின் பக்கம் விடவில்லை. அவர் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ஒருநாள் சிதறால்காரி கேட்டாள். "அக்கா, அவியளுக்கு எப்ப மெஷின் குடுப்பிய?"

"தோணும்போ குடுப்பேன்."

"அன்னைக்கு அவிய பையக் கொட்டாம இருந்தா, அவியளுக்க வேலையும் போயிருக்கும் இல்லியா?"

"நீ உனக்க ஜோலியப் பாரு."

அவள் தன் மெஷினை நிறுத்தினாள். பாயை எடுத்துப்போட்டு அந்த அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு ஜாக்கெட்டை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினாள். மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று பேர் அங்கே போய் உட்கார்ந்தார்கள். மறுநாள் எல்லோரும். அறையில் ஒரு மெஷின் சத்தம் இல்லை, நூல் அறுபடும் சத்தம் மட்டும். கல்யாணத்துக்கு நாலு நாள் இருந்த உடுப்பு ஒன்று பாதியில் கிடந்தது. "எந்திரிங்க எல்லாரும்" என்று கத்தினேன். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தியும் என்னை எதிர்த்துப் பேசவுமில்லை. நான்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தேன், வாய் கூடுதல் என்று தள்ளப்பட்டவர்களைத் தேடித் தேடி. இப்போது வாயே திறக்காமல் என்னை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாம் நாள் சாயந்திரம் என் மெஷினுக்கு முன்னால் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, "அக்கா, இங்க வந்து இருங்க" என்றேன். வந்து உட்கார்ந்தார். முடியாமல் கிடந்த உடுப்பை எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு என் பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை, எனக்கும் இல்லை. இன்றைக்கும் அவரிடம் வேலையைத் தவிர வேறு பேச்சு எனக்கு வருவதில்லை. ஆனால் புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் கொக்கியும் காஜாவும் சொல்லிக்கொடுப்பது அவர்தான். என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்.

போன மழைக்காலத்தில் பிள்ளைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு திற்பரப்பு அருவிக்குக் குளிக்கப் போனோம். பெண்கள் பக்கத்தில் நல்ல கூட்டம். என் முறை வருவதற்காக நின்றபோது, முன்னால் நனைந்து நின்ற ஒருத்தி திரும்பினாள். அவள்தான். தலை நரைத்திருந்தது. கடையில் வாங்கிய நைட்டி, கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. வலது தோள் அவளுக்கு ஒரு விரல் இறக்கம். ஒன்பது வருஷம் அருகில் இருந்தும் அதை நான் கவனித்ததில்லை.

"சுகமா இருக்கியா?" என்றாள்.

தண்ணீர் இரைச்சலில் கேட்காதவள் மாதிரி நின்றேன். அவள் இன்னொரு தடவை கேட்கவில்லை. எனக்கு இடம் விட்டு ஒதுங்கினாள். மன்னிப்பு என்று ஏதாவது வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். வரவில்லை. அந்தத் தோளுக்கு எப்படி வெட்டினால் கழுத்து இழுக்காது என்பதுதான் வந்தது. வலதுபக்கம் மட்டும் ஒரு விரல் இறக்கி, கைக்குழியையும் அதற்குத் தக்கபடி கீழே கொண்டுபோக வேண்டும். அவளுக்கு நான் அதை ஒருநாளும் வெட்டித் தரமாட்டேன்.

"அக்கா, வாங்க, எடம் இருக்கு" என்று பிள்ளைகள் கூப்பிட்டார்கள். போய்த் தண்ணீருக்குத் தலையைக் கொடுத்தேன்.